பெட்டை நாய்க்கு என்ன பெயர்?



உங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பெட்டைக் குட்டி. பிள்ளைகள் விறாந்தையில் அதைச் சுற்றி இருந்து பெயர் தேடுகிறார்கள். மூத்தவன் 'றொக்கி' என்கிறான். "அது கடுவனுக்கு வைக்கிற பேர்" என்று தங்கை மறுத்துவிட்டு 'ரோசி' என்கிறாள். குசினிக்குள் இருந்து அம்மம்மாவின் குரல் வருகிறது: "ரோசி எண்டது பின்வளவு மாமியின்ரை பேர். நாய்க்கு வைச்சுக் கூப்பிட்டால் அந்த மனிசி என்ன நினைக்கும்?"

சிரித்துவிட்டு மறந்துவிடக் கூடிய பேச்சுத்தான். ஆயினும் அந்த விறாந்தையில் மூன்று கேள்விகள் எழுந்துவிட்டன. ஒரு மிருகத்துக்குப் பெயர் வைக்கும்போது நாம் செய்வது என்ன? மனிதருக்குரிய பெயரை அதற்கு வைப்பது தகுமா? பெட்டை என்பதால் அந்தக் குட்டியின் மேல் நமக்கு வேறொரு கணக்கு உண்டா? மூன்றும் ஒழுக்கம் சார்ந்த கேள்விகளே. நாய் சிறியது என்பதற்காகக் கேள்வி சிறிதாகிவிடாது. பெரிய காரியங்களில் நாம் பிறர் பார்க்கிறார்கள் என்று கவனமாக இருப்போம். சின்னக் காரியங்களில்தான் மனம் தன் சொந்த முகத்தைக் காட்டும்.

எண்ணுவதும் தேடுவதும்

ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். இறைவன் மண்ணிலிருந்து உருவாக்கிய மிருகங்களையும் பறவைகளையும் மனிதனிடம் கொண்டுவருகிறார். அவற்றுக்கு அவன் என்ன பெயர் சொல்வான் என்று பார்ப்பதற்காகவே கொண்டுவருகிறார். அவன் சொன்ன பெயரே அவற்றுக்கு நிலைக்கிறது.

பெயர் வைக்கிறவன் எசமான், பெயர் பெறுவது அவனது உடைமை என்று இந்தப் பகுதியைப் பலர் விளக்கி வந்திருக்கிறார்கள். அது பாதி உண்மை. மறுபாதி அதே அதிகாரத்தில் சில வரிகளுக்கு முன்னரே இருக்கிறது. தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவுமே மனிதன் அங்கே வைக்கப்பட்டான். காவற் பொறுப்பு முதலில் வருகிறது; பெயரிடும் உரிமை அதன் பின்னர் வருகிறது. காக்க மனமில்லாதவனுக்குப் பெயரிடும் தகுதியும் இல்லை என்று கொள்வதே இந்த ஒழுங்குக்குப் பொருத்தமானது.

நமது ஊர்ப் பெரியவர்களும் இதைத் தம் வழியில் அறிந்திருந்தார்கள். இறைச்சிக்கென்று வளர்க்கும் கிடாய்க்குப் பெயர் வைக்க விடமாட்டார்கள். பெயர் வைத்தால் பிள்ளை அழும்; கத்தி எடுக்கிறவனின் கையும் ஒரு கணம் தயங்கும். கூட்டில் நிற்கும் 20 கோழிகளைப் பொழுது சாயும் நேரம் எண்ணுகிறோம். ஒன்று குறைந்தால் 'கீரி பிடிச்சுப்போட்டுது' என்று சொல்லிக் கூட்டை அடைக்கிறோம். ஆனால், பிள்ளை பெயர் வைத்த அந்தக் கால் நொண்டிக் கோழி குறைந்துவிட்டால், அரிக்கன் லாம்பைக் கொளுத்திக்கொண்டு வேலியோரமெல்லாம் தேடுகிறோம். பெயரில்லாததை எண்ணுகிறோம், பெயருள்ளதைத் தேடுகிறோம். நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்று நம் ஆண்டவர் சொன்னதன் கருத்தும் இதுவே.

ஆகவே பெயர் வைத்தல் ஒரு வாக்குறுதி. 'நீ காணாமற்போனால் நான் கூப்பிடுவேன், நீ நோயுற்றால் நான் பார்ப்பேன்' என்று பேச முடியாத ஒரு உயிரிடம் நாம் கொடுக்கும் வாக்கு அது. அந்த உயிர் சாட்சிக்கு ஆள் கேட்காது. வாக்கை மீறினால் வழக்கும் தொடராது. அதனாலேயே அதை மீறுவது மிகவும் எளிது.

பெயர் பெற்றும் காக்கப்படாதது

இந்த வாக்கு எப்படி மீறப்படுகிறது என்பதற்கு, உலகில் மிகவும் அறியப்பட்ட ஒரு பெட்டை நாயின் வரலாறே சான்று. அதன் பெயர் லைக்கா.

லைக்கா மொஸ்கோ நகரத் தெருவில் அலைந்த நாய். வயது ஏறக்குறைய 3, நிறை ஏறக்குறைய 6 கிலோ. சோவியத் விஞ்ஞானிகள் இந்த வேலைக்கு வேண்டுமென்றே பெட்டை நாய்களைத் தெரிவு செய்தார்கள். ஒடுங்கிய கூட்டுக்குள் கழிவை அகற்றும் ஏற்பாடு பெட்டைகளுக்கே பொருந்தியது. அவை அமைதியானவை என்றும் எண்ணினார்கள். தெருவில் பசியையும் குளிரையும் தாங்கிய நாய் மற்றவற்றையும் தாங்கும் என்பது அவர்களின் இன்னொரு கணக்கு.

அதற்குப் பெயருக்குக் குறைவிருக்கவில்லை. சுருட்டை மயிர்க்காரி என்ற கருத்தில் ஒரு பெயர், சின்ன எலுமிச்சம்பழம் என்ற கருத்தில் ஒரு செல்லப்பெயர், கடைசியாகக் குரைப்பவள் என்ற கருத்தில் 'லைக்கா'. 1957 நவம்பர் 3ஆம் நாள் ஸ்புட்னிக் 2 கலத்தில் அதை வைத்து விண்வெளிக்கு அனுப்பினார்கள். திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடு அந்தக் கலத்தில் இருக்கவில்லை; அனுப்பியவர்கள் அதை அறிந்தே அனுப்பினார்கள். புறப்படுமுன் விஞ்ஞானி ஒருவர் லைக்காவைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளோடு விளையாட விட்டார். அதற்கு இன்னும் கொஞ்ச நேரமே இருக்கிறது, ஏதாவது நல்லது செய்வோம் என்று அவருக்குத் தோன்றியது. அந்த மனிதரின் நெஞ்சில் ஈரம் இருந்திருக்கிறது. ஆனால், கலத்தை நிறுத்த அந்த ஈரம் போதவில்லை.

லைக்கா சில நாட்கள் உயிரோடிருந்து நோவின்றி இறந்தது என்றே நீண்ட காலம் சொல்லப்பட்டது. புறப்பட்ட சில மணி நேரத்திலேயே வெப்பம் மிகுந்து, பீதியில் அது இறந்துபோனது என்ற செய்தி 2002ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. உயிரற்ற உடலோடு அந்தக் கலம் 1958 ஏப்ரல் 14 வரை பூமியைச் சுற்றிவந்து எரிந்து அழிந்தது. அந்தத் திட்டத்தில் பணியாற்றிய ஒலெக் கசென்கோ என்ற விஞ்ஞானி 1998இல் மனம் திறந்து பேசினார். காலம் செல்லச் செல்லத் தமது வருத்தம் கூடுகிறது என்றும், அந்த நாயின் மரணத்தை நியாயப்படுத்தும் அளவுக்கு அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்றும் சொன்னார்.

விஞ்ஞானத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. மனித உயிரைக் காக்கும் ஆராய்ச்சியில், நியாயமான எல்லைக்குள், மிருகங்களைப் பயன்படுத்துவதைத் திருச்சபை தடைசெய்யவில்லை. 1992ஆம் ஆண்டின் கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு இதைத் தெளிவாகவே கூறுகிறது. தேவையின்றி மிருகங்களை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு மாறானது என்பதையும் அதே இடத்தில் கூறுகிறது. நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: லைக்காவின் பெயர் முத்திரைகளில் அச்சாயிற்று, 2008இல் மொஸ்கோவில் அதற்குச் சிலையும் எழுந்தது. பெயர் உலகெங்கும் போயிற்று. பெயருக்குரிய உயிரை யாரும் காக்கவில்லை.

நமது படலையடியில்

மொஸ்கோவைக் குறைசொல்வது எளிது. நமது படலையடிக்கு வருவோம்.

ஒரு பெட்டை நாய் ஏறக்குறைய ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். ஏறக்குறைய 63 நாள் வயிற்றில் சுமந்து, ஓர் ஈற்றில் நாலோ ஐந்தோ ஆறோ குட்டிகள் போடும். இந்தக் கணக்கு நம் எல்லோருக்கும் தெரியும். அதனாலேதான் கடுவன் குட்டி வேண்டுமென்று கேட்டு ஆட்கள் வருகிறார்கள். பெட்டைக் குட்டி என்றதும் 'வேண்டாம்' என்று போய்விடுகிறார்கள். மிஞ்சிய குட்டிகள் கண் திறந்தும் திறவாமலும் உரப்பையிலோ காட்போட் பெட்டியிலோ போகின்றன. சந்தையடி, கடற்கரை, பாழ்வளவு, சிலவேளை கோயில் வளவு. கோயில் வளவில் விட்டால் பாவம் குறையும் என்று எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள் போலும். சுவாமியார் சோறு வைப்பார் என்ற நம்பிக்கை நல்லதே; ஆனால் அந்த நம்பிக்கை உங்கள் பொறுப்பைச் சுவாமியாரின் தலையில் இறக்கிவைத்துவிடாது.

இங்கே பெயர் பெற்ற தாய் வீட்டில் நிற்கிறது. பெயர் பெறாத குட்டிகள் தெருவில் சாகின்றன. தாய்க்குக் கொடுத்த வாக்கில் அதன் குட்டிகளும் அடங்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மகாபாரதத்தின் தொடக்கத்தில் சரமை என்ற பெட்டை நாய் ஒன்று வருகிறது. பழைய நூல்களில் பெயரோடு வரும் பெட்டை நாய்கள் மிக அரிது. ஜனமேஜய மன்னனின் சகோதரர்கள் அதன் குட்டியைக் குற்றமேதுமின்றி அடித்துத் துரத்துகிறார்கள். தாய் நேரே வேள்விச்சாலைக்கே சென்று, என் பிள்ளை செய்த குற்றம் என்ன என்று கேட்கிறது. அரச குலத்தவர்கள் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள். நம் வீட்டு நாய், குட்டிகளைக் காணாமல் இரண்டு மூன்று நாள் வளவெல்லாம் மணந்து திரியுமே, அதுவும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது.

என்ன செய்வது என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது. மிருக வைத்தியரிடம் கொண்டுசென்று கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்கலாம். நமது மக்களில் சிலர் இதில் ஒரு மனக்குழப்பம் அடைகிறார்கள். கருத்தடை பாவம் என்று திருச்சபை சொல்கிறதே, நாய்க்குச் செய்யலாமா என்கிறார்கள். மனிதரின் திருமண வாழ்வு பற்றிய போதனை அது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் தம்மைக் கையளிக்கும் அன்பைக் குறித்தது. அதை நாயின் மேல் ஏற்றிவைத்துக் குழம்ப வேண்டியதில்லை. பிறந்தால் சாகக் கொடுக்கப்போகும் குட்டிகளைப் பிறக்கவிடாமல் தடுப்பது இரக்கமான காரியமே.

தடுப்பூசியும் அவ்வாறே. விசர்நாய்க்கடியால் 1973இல் மட்டும் இந்த நாட்டில் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போடும் வேலை தொடர்ந்து நடந்ததால் அந்தத் தொகை இப்போது பெருமளவு குறைந்திருக்கிறது. ஆயினும் நோயின் குறி தோன்றிவிட்டால் உயிர் தப்புவது ஏறக்குறைய இல்லை என்ற நிலை மாறவில்லை. வீட்டு நாய்க்கு அழகான பெயர் வைத்துவிட்டு, ஊசி போடாமல் ஒழுங்கைக்கு அனுப்புகிறவர் நாய்க்குக் கொடுத்த வாக்கை மட்டுமன்றி அயல்வீட்டுப் பிள்ளையின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

கைவிடுதல் எல்லாம் ஒரே தரத்தது அன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, கைக்குழந்தையையும் கிழவியையும் தூக்கிக்கொண்டு போனவர்கள் நாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் போக முடிந்தது. அதில் குற்றமில்லை. மனித உயிரே முதன்மையானது. கயிற்றை அவிழ்த்து, இருந்த சோற்றை வைத்து, பெயர் சொல்லித் தடவிவிட்டுப் போனார்களே, அவர்கள் தங்களால் இயன்ற அளவுக்கு வாக்கைக் காத்தவர்கள். திரும்பி வந்து படலையைத் திறந்தவுடன் அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

மனிதப் பெயர் தகுமா?

இனி அம்மம்மாவின் கேள்விக்கு வருவோம். ரோசி, லூசி, மேரி, ரீற்றா என்று பெயர் வைக்கலாமா?

சட்டத்தைக் கேட்டால் விடை சுருக்கமானது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் பெயரைப் பற்றிப் பேசுவது திருமுழுக்குப் பெறும் மனிதரைக் குறித்தே. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் பிள்ளைக்கு இடப்படாமல் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத் தந்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நாயின் பெயரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஆகவே, லூசி என்று நாய்க்குப் பெயர் வைத்தவர் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், சட்டம் பேசாத இடத்தில் அன்பு பேச வேண்டும். லூசி என்பது லூசியா என்ற பெயரின் சுருக்கம். ஒளி என்ற கருத்தைத் தன்னுள் கொண்ட பெயர். சிறாக்கூசா நகரில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த கன்னியின் பெயர் அது. கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பேராலயம் அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. டிசெம்பர் 13ஆம் நாள் பிறந்த எத்தனையோ பெண்பிள்ளைகளுக்கு நம் தாய்மார் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். அதே பெயரை நாய்க்கு வைத்துவிட்டு, நாலு பேர் போய்வரும் ஒழுங்கையில் நின்று, "லூசி, அங்காலை போடி!" என்று கத்தும்போது, அந்த வழியால் பால்போத்தலோடு வரும் லூசி அக்காவின் முகத்தைப் பாருங்கள். உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

மிருகத்தை மனிதப் பெயரால் அழைப்பது எப்போதும் அவமதிப்பு என்று நாம் சொல்லவில்லை. 1943இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படத்தில் வந்த 'லசி' என்ற பெட்டை நாயின் பெயருக்கு ஸ்கொட்லாந்துப் பேச்சில் 'சிறுமி' என்றே கருத்து. (அந்தப் பெட்டையாக நடித்தது உண்மையில் ஒரு கடுவன் என்பது வேறு கதை.) தாவீது அரசனைக் கண்டிக்க வந்த நாத்தான் இறைவாக்கினர் சொன்ன உவமையையும் நினையுங்கள். ஓர் ஏழையிடம் ஒரேயொரு பெண் ஆட்டுக்குட்டி இருந்தது. அவனுடைய உணவில் உண்டு, அவனுடைய கிண்ணத்தில் குடித்து, அவனுடைய மடியில் உறங்கி, அவனுக்கு மகளைப் போல இருந்தது. மிருகத்தை மகளைப் போல வளர்த்ததற்காக வேதாகமம் அந்த ஏழையைப் பழிக்கவில்லை. அதைப் பறித்த செல்வனையே பழிக்கிறது.

ஆகவே உள்நோக்கமே கேள்வி. அன்பினால் ஒரு பெயரைத் தெரிவு செய்தீர்களா, எவரையேனும் சிறுமைப்படுத்தத் தெரிவு செய்தீர்களா? எல்லைவேலித் தகராற்றுக்காக அடுத்த வீட்டுப் பெண்ணின் பெயரை நாய்க்கு வைப்பவர் இருக்கிறார். பிடிக்காத தலைவரின் பெயரை, பிற இனத்தவரின் பெயரை, பிற மதத்தவர் வணங்கும் பெயரை நாய்க்கு வைத்துச் சிரிக்கும் மனமும் உண்டு. அந்தச் சிரிப்பில் நாய்க்குப் பங்கில்லை. அது பெயரைக் கேட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். வன்மம் முழுவதும் கூப்பிடுகிறவரின் வாயில் இருக்கும். அது நிச்சயமாகப் பாவமே.

நம்மவர்கள் நாய்க்கு ஜிம்மி, ரைகர், சீசர் என்று அந்நியப் பெயர்களை வைத்து வந்ததற்கு ஆங்கிலேயர் காலத்து நாகரிகம் ஒரு காரணமாக இருக்கலாம். அயலில் ஒருவரும் நோகக்கூடாது என்ற நல்லெண்ணமும் அதில் கலந்திருக்கக்கூடும். அந்த நல்லெண்ணம் போற்றத்தக்கது.

ஏச்சாகிவிட்ட சொல்

நாயின் பெயர் பெண்ணை ஏன் இவ்வளவு நோகச் செய்கிறது? கடுவன் நாய்க்கு யோன் என்றோ ராசா என்றோ பெயர் வைத்தால் ஆண்கள் சிரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பெண்ணின் பெயரை வைத்தால் அவள் குறுகிப்போகிறாள். காரணம் வெளிப்படையானது. பெட்டை நாயைக் குறிக்கும் சொல்லைப் பெண்ணை ஏசும் சொல்லாக நாம் ஆக்கிவைத்திருக்கிறோம். ஆங்கிலத்திலும் அதே கதைதான்.

இந்த ஏச்சு இரண்டு உயிர்களுக்கு அநீதி செய்கிறது. நாயின் நன்றியை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். பாகனையே கொல்லும் யானையின் நட்பைவிட, எறிந்த வேல் உடலில் நிற்கும்போதும் வாலாட்டும் நாயின் நட்பே மேல் என்பது நாலடியாரின் கருத்து. அப்படிப்பட்ட உயிரின் பெயர், இயற்கை அதற்கு வகுத்த பருவத்தின் காரணமாக, ஒழுக்கக்கேட்டின் பெயராகிவிட்டது. பின்னர் அந்தப் பெயர் ஒரு தாயின் மேல், மனைவியின் மேல், மகளின் மேல் எறியப்படுகிறது. குடித்துவிட்டு வரும் தகப்பன் மனைவியை அந்தச் சொல்லால் ஏசுவதை விறாந்தையில் இருந்து கேட்கும் பிள்ளை, அடுத்த நாள் அதே விறாந்தையில் நாய்க்குட்டியைக் கொஞ்சுகிறது. அந்தப் பிள்ளையின் மனத்தில் இரண்டையும் எப்படிப் பொருத்துவது?

தீர், சீதோன் பகுதியில் நம் ஆண்டவரிடம் மகளுக்காக மன்றாடி வந்த பிற இனப் பெண்ணை நினையுங்கள். பிள்ளைகளின் அப்பம், நாய்க்குட்டிகள் என்ற கடினமான பேச்சு அங்கே எழுந்தது. அவள் கோபித்துத் திரும்பவில்லை. மேசைக்குக் கீழே சிந்தும் துணிக்கைகளைச் சொல்லி மறுமொழி கூறினாள். ஆண்டவர் அவளது வார்த்தையை ஏற்று அவளை மேன்மைப்படுத்தினார், மகள் சுகமடைந்தாள். அந்த உரையாடலின் முடிவில் அவள் தலைநிமிர்ந்தே வீடு திரும்பினாள். நம் வீடுகளில் அந்தச் சொல் பேசப்படும்போது முடிவில் யார் தலைநிமிர்ந்து நிற்கிறார்கள்?

பெயரில்லாத மனிதர்

இன்னும் ஒன்று உண்டு. இதுவே மிகவும் கனமானது.

நாய்க்கு அருமையான பெயர் வைத்திருக்கும் சில வீடுகளில் பெயர் சொல்லி அழைக்கப்படாத மனிதர் இருக்கிறார்கள். வேலைக்கு வந்த பெண்பிள்ளையைக் கூப்பிட 'எடியே', 'பெட்டை' என்பதே போதுமாக இருக்கிறது. தாய் வைத்த பெயர் எசமானியின் வாய்க்கு வராது என்று வேறொரு பெயர் சூட்டிவிடும் வீடுகளும் இருந்தன. வயல் கொத்த வந்தவர் அறுபது வயதுக் கிழவராக இருந்தாலும், சாதியின் பெயரால் அவரது பெயரை அரைவாசியாகக் குறுக்கி, வீட்டுச் சிறுவனும் ஒருமையில் அழைத்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தக் காலம் முற்றாகப் போய்விட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? மலையகத் தோட்டங்களில் ஒரு நாள் சம்பளத்துக்கே 'பேர்' என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்த நாளில் 'அரைப் பேர்' போடுவார்கள். பெயரையும் கூலியையும் ஒரே சொல்லால் அளந்த வாழ்வு அது. அந்தத் தோட்டங்களிலிருந்து நம் குசினிகளுக்கு வந்த சிறுமிகள் பலருக்கு அரைப் பேரும் கிடைக்கவில்லை. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 14இலிருந்து 16 ஆக அரசு உயர்த்தியது 2021இல்தான்.

லாசர் என்ற ஏழையின் உவமையைக் கவனமாக வாசித்துப் பாருங்கள். நம் ஆண்டவரின் உவமைகளில் விதைப்பவனுக்குப் பெயரில்லை, ஊதாரி மகனுக்குப் பெயரில்லை, நல்ல சமாரியனுக்கும் பெயரில்லை. படலையடியில் கிடந்த அந்த ஏழைக்கு மட்டும் பெயர் இருக்கிறது. மாளிகையில் இருந்த செல்வனுக்குப் பெயரே இல்லை. அந்த ஏழையின் புண்களுக்கு அருகே வந்தவை நாய்கள் மட்டுமே. செல்வன் தன் வீட்டு நாய்களின் பெயரை அறிந்திருக்கலாம். வாசலில் கிடந்தவனின் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிடவில்லை.

இதற்காக நாயை நேசிக்க வேண்டாம் என்று சொல்வது தவறான விடை. மிருகங்களிடம் அன்பு கொள்ளலாம். மனிதத் துன்பத்தைத் தீர்க்க வேண்டிய பணத்தை அவற்றில் இறைக்கவும், மனிதருக்கு மட்டுமே உரிய பாசத்தை அவற்றுக்குக் கொடுக்கவும் ஆகாது என்று மறைக்கல்வி ஏடு நிறுத்துப் பேசுகிறது. நாயிடம் கனிவாகப் பேசப் பழகிய நாக்கு மனிதரிடமும் கனிவாகப் பேசும் என்று எண்ணத் தோன்றும். அது தானாக நிகழ்வதில்லை. நாய் எதிர்த்துப் பேசாது, சம்பளம் கேட்காது, ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்காது. ஆகவே அதனிடம் கனிவாக இருப்பது எளிது. அந்தக் கனிவை மனிதர் வரைக்கும் கொண்டுபோக முயற்சி வேண்டும்.

அப்படியானால் என்ன பெயர்?

இவ்வளவும் சொன்ன பின்னர், பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு நேரடியான விடை சொல்லாமல் விடுவது நியாயமன்று.

இரண்டு அசையில் முடியும் சிறிய பெயரே நாய்க்கு நன்றாகப் பிடிபடும். 'வா', 'இரு' போன்ற ஏவல்களோடு மயங்கும் பெயர் வேண்டாம். வீட்டிலுள்ள எவருடைய பெயரோடும் ஒலி ஒத்த பெயரும் வேண்டாம். கறுப்பி, சிவப்பி, வெள்ளைச்சி என்று நிறத்தைக் கண்டு பெயர் வைத்தவர்கள் நம் பாட்டிமார். அந்தப் பெயர்களில் குறையொன்றும் இல்லை. ஆனால் நிறத்தைச் சொல்லி ஒரு பிள்ளையைக் கேலி செய்யும் அயலாக இருந்தால் அதையும் யோசியுங்கள். புள்ளி, சுட்டி, மின்னி என்று பிள்ளைகளே புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் இன்னும் நல்லது. வைத்த பெயரை மாற்றாதீர்கள். அடிக்கும்போதும் ஏசும்போதும் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள். பெயரைக் கேட்டால் பயம் வரும்படி ஆகிவிட்டால், கூப்பிட்டாலும் வராது. இது பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

பெயரைத் தீர்மானிக்குமுன் உங்களையே நாலு கேள்விகள் கேளுங்கள். இந்தப் பெயரை ஒழுங்கையில் நின்று உரத்துக் கூப்பிட்டால் எவருடைய மனமாவது நோகுமா? இந்தப் பெயருக்குரிய உயிர் கிழடாகி, கண் மங்கி, விறாந்தையில் சிறுநீர் கழிக்கும் காலத்திலும் இதே குரலில் கூப்பிடுவேனா? இது குட்டி போட்டால் அந்தக் குட்டிகளுக்கு என்ன வழி என்று இன்றே யோசித்திருக்கிறேனா? இந்த வீட்டில் இந்த நாயை விடக் குறைந்த மரியாதையோடு அழைக்கப்படும் மனிதர் எவராவது இருக்கிறார்களா?

முதல் மூன்றுக்கும் நல்ல விடை சொல்ல முடிந்தவர் நாய்க்குப் பெயர் வைக்கலாம். நாலாவது கேள்விக்கு 'ஆம்' என்று விடை வந்தால், அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. குசினிக்குள் சென்று, அங்கே நிற்கிறவரிடம் அவருடைய முழுப் பெயரைக் கேளுங்கள். இன்றிலிருந்து அந்தப் பெயராலேயே அழையுங்கள். நாய்க்குட்டி ஒரு நாள் பெயரில்லாமல் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.